"நீங்க ஆர்.சி-யா, சி.எஸ்.ஐ-யா?" - தரங்கம்பாடியில் தொடங்கி 28 ஆண்டுகள் நீண்ட ஒற்றுமைப் பயணம்!

கிறிஸ்தவக் குடும்பங்களில் வரன் பேச்சு தொடங்கினால், படிப்பு, வேலை, சம்பளத்துக்கு முன்பாகவே ஒரு கேள்வி வந்துவிடும். "நீங்க ஆர்.சி-யா, சி.எஸ்.ஐ-யா?"

'லுத்தரன்' என்றோ 'பெந்தெகொஸ்தே' என்றோ பதில் வந்தால், போனின் மறுமுனையில் ஒரு நொடி மௌனம். பிறகு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றோம்."

இரண்டு வீட்டிலும் சிலுவை இருக்கிறது. இரண்டு வீட்டிலும் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டுகிறார்கள். ஆனாலும் இடையில் ஒரு கோடு. அந்தக் கோடு பெயர்களில்கூட ஓடுவதைப் பார்க்கலாம். பேதுருவும் ராயப்பரும் ஒரே ஆள்தான். பவுல்தான் சின்னப்பர். யோவான்தான் அருளப்பர். யோசேப்புதான் சூசையப்பர். முதல் பெயர் புராட்டஸ்டன்ட் தமிழ், இரண்டாவது கத்தோலிக்கத் தமிழ். ஊரில் சூசை என்று ஒருவர் இருந்தால் அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இப்படிப் பிரிந்து கிடந்தவர்களில் சிலர், "போதும், ஒன்றாகிவிடுவோம்" என்று ஒருநாள் உட்கார்ந்து பேசினார்கள். பேசி முடிக்க 28 ஆண்டுகள் ஆனது. அந்தப் பேச்சின் விளைவுதான், நாம் அன்றாடம் பள்ளிக்கூட போர்டிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் பார்க்கும் 'சி.எஸ்.ஐ' என்ற மூன்றெழுத்து. தமிழில், தென்னிந்தியத் திருச்சபை.

பிறந்த ஊர்தான் சபை!

19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த மிஷன் சங்கங்கள், ஒருவர் பகுதியில் இன்னொருவர் நுழைவதில்லை என்று தங்களுக்குள் ஊர்களைப் பிரித்துக்கொண்டன. திருநெல்வேலி, இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சங்கங்களுக்கு. நாகர்கோவில், கோயம்புத்தூர், சேலம் பகுதிகள் லண்டன் மிஷனுக்கு. மதுரை, அமெரிக்கன் மிஷனுக்கு. வேலூர், ஆற்காடு வட்டாரம் இன்னொரு அமெரிக்க சபைக்கு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு. கரூர், மன்னார்குடி மெதடிஸ்டுகளுக்கு.

ஆக, ஒரு தமிழர் எந்தச் சபைக்காரர் என்பதை அவர் நம்பிக்கை முடிவு செய்யவில்லை. அவர் பாட்டனார் எந்த ஊரில் இருந்தார் என்பதே முடிவு செய்தது. நெல்லையில் பிறந்ததால் ஒருவர் ஆங்கிலிக்கன், மதுரையில் பிறந்ததால் அவருடைய சம்பந்தி காங்கிரிகேஷனல்.

வெறும் பெயர் வேறுபாடு என்றால் பிரச்னை இல்லை. ஆங்கிலிக்கன் சபையில் பேராயர் உண்டு. அவர் கைவைத்து அருட்பொழிவு செய்தவர்தான் ஆயராக முடியும். காங்கிரிகேஷனல் சபையில் பேராயரே கிடையாது, உள்ளூர் சபை மக்கள் கூடி முடிவெடுப்பார்கள். பிரஸ்பிட்டேரியன் சபையை மூப்பர்கள் நடத்துவார்கள். மெதடிஸ்டுகளுக்கு மாநாடுதான் மேலிடம். ஒரு சபையின் ஆயரை இன்னொரு சபை முழுமையான ஆயராக ஏற்காது.

இது எங்கே வலித்தது என்றால், திருவிருந்தில். நெல்லைக்காரர் ஒருவர் வேலை கிடைத்து மதுரைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு ஆலயத்தில் அதே தமிழில் ஆராதனை நடக்கிறது. ஆனால், அப்பமும் ரசமும் வழங்கும் நேரத்தில் அவர் எழுந்துபோய் முழங்காலிட முடியாது. அவருடைய சபைச் சட்டம் அதற்கு இடம் தராது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் தனித்தனி இலை போட்டுச் சாப்பிடுவதைப் போன்ற நிலை அது.

வெள்ளாளன்விளைக்காரரின் வெட்கம்

இந்த நிலையை மாற்றப் புறப்பட்டவர்களில் முக்கியமானவர், வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில், ஓர் ஆங்கிலிக்கன் ஆயரின் மகனாகப் பிறந்தவர். படித்தது ஸ்காட்லாந்துக்காரர்கள் நடத்திய சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில். வேலை பார்த்தது எல்லாச் சபையினரும் சேர்ந்து இயங்கிய ஒய்.எம்.சி.ஏ-வில். சபைச் சுவர்களுக்கு அப்பால் நண்பர்களைச் சம்பாதித்துக்கொண்ட காலம் அது. 1912-ல் ஆந்திர, தெலங்கானா பகுதியான தோர்ணக்கல்லுக்குப் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர அனைவரும் இந்தியர்கள். அசரியாவும், தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த வி.சந்தியாகுவும் முன்னின்றார்கள். காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் 1908-லேயே இணைந்து உருவாக்கியிருந்த சபை அது.

அந்தக் கூட்டம் வெளியிட்ட அறிக்கையின் சாரம் எளிமையானது. இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை. வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தப்பட்டவை இவை. இவற்றைத் தொடர்ந்து சுமக்க எங்களுக்கு விருப்பமில்லை.

முதல் உலகப் போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கிறிஸ்தவ நாடுகள் ஒன்றையொன்று கொன்று குவித்ததை உலகமே பார்த்திருந்தது. தமிழகத்தில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரிகளை, 'எதிரி நாட்டவர்' என்று பிரிட்டிஷ் அரசு வெளியேற்றியிருந்தது. ஐரோப்பாவின் சண்டையை இந்தியச் சபைகள் ஏன் தலையில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்ற கேள்விக்கு அப்போது கூடுதல் கூர்மை இருந்தது.

அசரியாவைப் பற்றி இன்னொரு சம்பவமும் சொல்லப்படுகிறது. இந்து மதத்தைவிட்டு விலகுவதாக 1935-ல் அறிவித்த டாக்டர் அம்பேத்கர், அசரியாவைச் சந்தித்தபோது ஒரு கேள்வி கேட்டாராம். நாங்கள் கிறிஸ்தவர்களானால் எல்லோரும் ஒரே சபையாக இருக்க முடியுமா, அல்லது ஊருக்கு ஒரு சபையாகச் சிதறிப்போவோமா? அசரியாவிடம் பதில் இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை என்று அவர் பின்னாளில் சொன்னதாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

28 ஆண்டுகள் எதற்கு?

இணைவதற்கான கூட்டுக்குழு 1920-ல் வேலையைத் தொடங்கியது. 1925-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். 1929-ல் முதல் வரைவுத் திட்டம் வெளியானது. அதன் பிறகும் 18 ஆண்டுகள் இழுத்தது.

முடிச்சு ஒன்றுதான். பேராயர் கைவைக்காத ஆயர்களை என்ன செய்வது? மறுபடியும் அருட்பொழிவு செய்யலாம் என்றது ஒரு தரப்பு. "அப்படியென்றால் இத்தனை ஆண்டுகள் நாங்கள் கொடுத்த ஞானஸ்நானமும் திருவிருந்தும் பொய்யா?" என்று கொதித்தது மறுதரப்பு.

கடைசியில் கண்டுபிடித்த வழி, நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. இணையும் நாளில் ஆயராக இருப்பவர்கள் யாராக இருந்தாலும் அப்படியே ஏற்றுக்கொள்வது. இனிமேல் வருகிறவர்களுக்கு மட்டும் பேராயர் அருட்பொழிவு செய்வது. தங்களுக்குப் பழக்கமில்லாத ஆயரை எந்தச் சபையின் மீதும் திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுப்பது. 30 ஆண்டுகள் இப்படிப் போகட்டும், அதற்குள் வித்தியாசம் தானாகக் கரைந்துவிடும் என்பது கணக்கு. பேராயரே வேண்டாம் என்றவர்கள் பேராயரை ஏற்றார்கள். பேராயர் இல்லாமல் ஆயரே இல்லை என்றவர்கள் 30 ஆண்டுகள் பொறுத்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு. புகழ்பெற்ற கவிஞர் டி.எஸ்.எலியட், 1943-ல் இந்தத் தென்னிந்தியத் திட்டத்தை எதிர்த்துத் தனிப் பிரசுரமே எழுதினார். அதே ஆண்டு மெதடிஸ்டுகள் சம்மதம் சொன்னார்கள். ஆங்கிலிக்கன் சபை 1945 ஜனவரியிலும், ஐக்கிய சபை 1946-லும் ஒப்புக்கொண்டன.

தன் சபை 'சரி' என்று சொன்னதைக் கேட்க அசரியா இல்லை. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் காலமாகிவிட்டார்.

நாடு பிரிந்தபோது, சபை சேர்ந்தது!

1947 செப்டம்பர் 27. சுதந்திரம் கிடைத்து 43 நாள்கள். வடக்கே பிரிவினையில் ரத்த ஆறு ஓடிக்கொண்டிருந்தது. தெற்கே, சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சென்னையின் கதீட்ரல் ரோட்டுக்குப் பெயர் தந்த அதே ஆலயம்தான். திருவிதாங்கூரைச் சேர்ந்த பேராயர் சி.கே.ஜேக்கப் தலைமை தாங்கினார். சுமார் 10 லட்சம் பேர், 14 திருமண்டலங்கள். பேராயர்கள் உள்ள சபையும் பேராயர்களே இல்லாத சபைகளும் இப்படி இணைந்தது உலகில் அதுவே முதல்முறை.

ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் மிஷனரியாகக் காஞ்சிபுரத்தில் வேலை செய்த லெஸ்லி நியூபிகின், 37 வயதில் மதுரை - ராமநாதபுரம் பேராயரானார். பேராயர் என்ற பதவியே இல்லாத சபையிலிருந்து வந்தவர், அப்படியொரு பதவியைப் பார்த்தே பழகாத மக்களுக்குப் பேராயர்! கடல் தாண்டி யாழ்ப்பாணமும் இதில் இணைந்தது. அங்கே முதல் பேராயர், சபாபதி குலேந்திரன்.

புதிய சபை 1950-ல் தனக்கென ஒரு திருவிருந்து ஆராதனை முறையை அமைத்தது. அதில் 'சமாதானம்' பகிரும் பழக்கத்தைக் கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பீடத்தில் ஆயரிடமிருந்து தொடங்கி, பக்கத்தில் இருப்பவரின் கைகளைப் பற்றி, வரிசை வரிசையாகக் கடைசி பெஞ்சு வரை போகும் சமாதானம் அது. இந்த ஆராதனை முறையைப் பின்னாளில் பல நாட்டுச் சபைகள் கவனித்துக் கற்றுக்கொண்டன.

வெளியே நின்றவர்கள்

எல்லோரும் வந்துவிடவில்லை. ஆந்திரத்தின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்கள் பலர் மறுத்து, பல ஆண்டுகள் தனித்தே நின்றார்கள். அதே நந்தியாலுக்குத்தான் 2013-ல் சி.எஸ்.ஐ-யின் முதல் பெண் பேராயராக இ.புஷ்பலலிதா பொறுப்பேற்றார். காலம் சில கணக்குகளை அழகாகத் தீர்த்துவைக்கிறது.

தீராத கணக்கும் உண்டு. ஒற்றுமைக் கூட்டம் நடந்த தரங்கம்பாடி, லுத்தரன்களின் தாய்வீடு. 1706-ல் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானதும் அதே 1919-ல்தான். ஆனால், லுத்தரன்கள் இன்றுவரை சி.எஸ்.ஐ-யில் இணையவில்லை. 1947-க்குப் பிறகு இரு தரப்பும் பல சுற்றுகள் பேசின. கொள்கையில் நெருங்கினார்கள், அமைப்பில் நெருங்க முடியவில்லை. ஆனாலும், மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இரு சபைகளின் வருங்கால ஆயர்களும் ஒரே வகுப்பில்தான் படிக்கிறார்கள்.

கத்தோலிக்கர்களோடு இணைப்பு என்ற பேச்சுக்கு இடம் வரவில்லை. ஆனால், மொழியில் ஒரு கதவு திறந்தது. இரு தரப்பு அறிஞர்களும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு, 1995-ல் வெளியானது. அதில் அருளப்பரும் சின்னப்பரும் யோவானும் பவுலும் ஆனார்கள். பெயரளவிலாவது கோடு அழிந்தது.

சபை சேர்ந்தது, சாதி?

வெளியிலிருந்து வந்த பிரிவினையைப் பேசித் தீர்த்தவர்களால், உள்ளூர்ப் பிரிவினையைத் தீர்க்க முடிந்ததா?

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில், இரண்டு சாதியினர் ஒருவரையொருவர் பார்க்காமல் வழிபட ஏதுவாக 1870-களில் கத்தோலிக்க ஆலயமே இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டப்பட்டது. நடுவிலிருந்த தடுப்பு 1910-ல் அகற்றப்பட்டது. புராட்டஸ்டன்ட் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. சபைக்குள் சாதி கூடாது என்று ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833-லேயே உத்தரவிட்டார். எதிர்த்துப் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள்.

இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடத் தனித்தனி இடம். திருமண்டலத் தேர்தல் வந்தால் கொள்கையைவிட சாதிக் கணக்கே பெரிதாகப் பேசப்படுகிறது. தேர்தல் வழக்குகளும் சொத்து வழக்குகளும் நீதிமன்றப் படியேறுகின்றன. வரன் தேடும் விளம்பரங்களில் 'சி.எஸ்.ஐ' என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் அச்சாகிறது.

1919-ல் தரங்கம்பாடியில் கூடியவர்கள், "இந்தப் பிரிவினை எங்களுடையது அல்ல" என்று சொல்ல முடிந்தது. அதனால் உதறவும் முடிந்தது. சாதியைப் பற்றி அப்படிச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. இதை எந்தக் கப்பலும் கொண்டுவந்து இறக்கவில்லை.

ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை, பல நாடுகளில் கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. பாதிரியாரும் ஆயரும் ஒரே மேடையில் நின்று ஜெபிப்பார்கள். ஒன்றாகக் காபி குடிப்பார்கள். திருவிருந்துக்கு மட்டும் அவரவர் ஆலயத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஆனால், 1919-க்கு முன்பு மதுரை ஆலயத்தில் பெஞ்சைவிட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருந்த அந்த நெல்லைக்காரரின் பேரப்பிள்ளைகள், இன்று அதே ஆலயத்தில் எந்தக் கேள்வியும் இல்லாமல் எழுந்துபோய் முழங்காலிடுகிறார்கள். ஒருகாலத்தில் அது முடியாத காரியமாக இருந்தது என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. அசரியா பார்க்காமலே போன நாள் அதுதான்.

அந்த ஆராதனையின் நடுவே, சமாதானம் கைமாறும் நேரம் வரும். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்காமல் கையை நீட்ட வேண்டிய நேரம் அது. ஆலயத்துக்குள் நீளும் அந்தக் கை, வெளியே வந்த பிறகு வரன் பேச்சு வரை நீளுமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி!