பரணில் கிடந்த பொம்மைக்கு மறுவாழ்வு!

நவராத்திரி வந்தால் எங்கள் வீட்டில் பரண் திறக்கும். நான் ஏணியில் ஏறி, கொலுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்குவேன். கீழே நின்று என் தாயார் வாங்கிக் கொள்வார்.

சென்ற ஆண்டு பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின் அகப்பட்டது. திறந்து பார்த்தோம். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பொம்மை. படுக்க வைத்தால் கண்ணை மூடும். நிமிர்த்தினால் கண்ணைத் திறக்கும். அதன் இரண்டு கைகளும் கழன்று தனியே கிடந்தன.

"அடி ராணி! நீ இங்கேயா இருக்கே?" என்றார் அம்மா.

1968-ம் ஆண்டு அம்மாவுக்கு 6 வயது. அப்போது தாத்தா சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கிக் கொடுத்த பொம்மை அது. இன்று தாத்தா இல்லை. மூர் மார்க்கெட்டும் இல்லை. 1985-ல் அது தீயில் எரிந்து போயிற்று. மிஞ்சியவள் ராணி மட்டும்தான்.

"இவ கையை மாட்டித் தரியாப்பா? கொலுவிலே வைக்கணும்" என்றார் அம்மா.

"இது என்னம்மா பெரிய வேலை!" என்றேன். அந்த வாய்ச்சொல்தான் வினை ஆயிற்று.

நான் செய்த தவறு

ராணியின் முகத்தில் கறுப்பாக ஓர் அழுக்கு. சோப்புத் தண்ணீருக்கு அது போகவில்லை. மேசைமேல் நகப்பூச்சை அழிக்கும் மருந்து இருந்தது. பஞ்சை அதில் நனைத்து ஒரே ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். அழுக்குப் போயிற்று. கூடவே ராணியின் இடது புருவமும் போயிற்று!

அம்மா பார்த்தார். "போகட்டும்ப்பா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த மருந்து பலவற்றில் அசிட்டோன் என்ற திரவம் கலந்திருக்கும். அது சாயத்தைக் கரைக்கும். சில வகை பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. பிறகுதான் தேடிப் படித்தேன். இன்னொரு வீட்டில் இன்னொரு புருவம் அழியக்கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பிளாஸ்டிக்குக்கும் வயதாகும்

"பிளாஸ்டிக் அழியாது" என்று சொல்கிறோம். குப்பையில் போட்டால் அது மக்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பொம்மையாக இருக்கும் பிளாஸ்டிக்குக்கு மூப்பு உண்டு. வெயில், சூடு, காற்று ஆகிய மூன்றும் சேர்ந்து அதைக் கிழடு ஆக்குகின்றன.

எப்படி? பிளாஸ்டிக் என்பது மிக நுண்ணிய சங்கிலிகளின் கூட்டம். மல்லிகைச் சரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். நார் உறுதியாக இருக்கும்வரை சரம் வளையும், நெளியும். நார் அங்கங்கே அறுந்தால் பூ உதிரும். அதுபோல வெயில் பட்டுப் பட்டு இந்தச் சங்கிலிகள் அறுகின்றன. பொம்மை வெளுக்கிறது அல்லது மஞ்சளாகிறது. பிறகு, தொட்டால் உடைகிறது.

மிருதுவான பொம்மைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அவை பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அது வளைந்து கொடுப்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். பல ஆண்டுகள் ஆனதும் அந்த எண்ணெய் மெல்ல வெளியே கசியும். அதனால்தான் சில பழைய பொம்மைகளைத் தொட்டால் கை பிசுபிசுக்கிறது.

முதலில் முகர்ந்து பாருங்கள்!

பழைய பொம்மை கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை என்ன? கட்டைவிரலால் அதன் முதுகைச் சூடேறும்வரை தேயுங்கள். பிறகு முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வருகிறதா? அப்படியானால் ஜாக்கிரதை! அது செல்லுலாயிட் பொம்மை.

செல்லுலாயிடில் உண்மையாகவே கற்பூரம் உண்டு. பருத்தியிலிருந்து வரும் பொருளை அமிலத்தில் பக்குவம் செய்து, கற்பூரம் கலந்து இதை உருவாக்கினார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் வெஸ்லி ஹையட் 1870-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். யானைத் தந்தத்தில் செய்த பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்றுத் தேடியவர் அவர். பின்னாளில் ஜப்பான் செல்லுலாயிட் பொம்மைகளைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தது. அப்போது அதன் ஆட்சியில் இருந்த தைவான் தீவில் கற்பூர மரங்கள் ஏராளம்.

கற்பூரத்தின் குணம் நமக்குத் தெரியாதா? செல்லுலாயிடும் சட்டென்று தீப்பிடிக்கும். மேசைப் பந்தாட்டத்தின் பந்துகூட வெகு காலம் செல்லுலாயிடில்தான் செய்யப்பட்டது. 2014-ல்தான் உலகப் போட்டிகளில் வேறு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள்.

ஆகவே கற்பூர வாசனை வீசும் பொம்மையை விளக்குக்கு அருகில் வைக்காதீர்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள். மற்ற பொம்மைகளோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். பழைய செல்லுலாயிடிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும்.

எங்கள் ராணியைத் தேய்த்துப் பார்த்தேன். கற்பூர வாசனை இல்லை. நிம்மதி!

தண்ணீர்ச் சோதனை

உடைந்த பொம்மையை ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை. உடைந்த துண்டு ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். உள்ளே குழி இல்லாத துண்டாக இருக்க வேண்டும்.

துண்டு மிதக்கிறதா? அது பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன். குடம், வாளி செய்யும் வகை. இதில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. இரண்டு பக்கமும் சிறு துளைகள் போட்டு, தூண்டில் நரம்பால் தைத்துவிடுவதே நல்ல வழி.

துண்டு மூழ்குகிறதா? அது பெரும்பாலும் பாலிஸ்டைரீன், ஏ.பி.எஸ்., பி.வி.சி. போன்ற வகை. இவற்றை ஒட்டலாம். ஆனால் பசை சிறு துளி போதும். உடனே ஒட்டும் பசையை அதிகம் ஊற்றினால் சுற்றிலும் வெள்ளை படரும். ஒட்டிய பிறகு அதை எடுப்பது கஷ்டம்.

கை கழன்றது ஏன்?

ராணியின் கைகள் உடையவில்லை. பின் ஏன் இரண்டும் ஒன்றாகக் கழன்றன?

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. இந்த வகைப் பொம்மையில் ஒரு கையின் கொக்கியையும் மறு கையின் கொக்கியையும் உடலுக்குள்ளே ஒரு ரப்பர் கயிறு இழுத்துப் பிடிக்கிறது. ரப்பர் இற்றுப் போனால் இரண்டு கையும் விழும். பிளாஸ்டிக்கைவிட ரப்பருக்கு ஆயுள் குறைவு.

பல பொம்மைகளின் கதை இதுதான். 1982-ல் அமெரிக்காவில் வந்த 'ஜி.ஐ. ஜோ' என்ற சிறிய போர்வீரன் பொம்மைகளை நினைவிருக்கிறதா? எம்.ஆர்.எப். நிறுவனமும் அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனமும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய பன்ஸ்கூல் அவற்றை நம் நாட்டில் தயாரித்தது. அந்த வீரனின் இடுப்புக்குள் ஒரு சிறு ரப்பர் வளையம். அது அறுந்தால் வீரன் இரண்டு துண்டு! முதுகில் உள்ள ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி, அதே அளவில் புது வளையம் போட்டால் மீண்டும் எழுந்து நிற்பான்.

ராணிக்கும் அதே வைத்தியம்தான். தையல் கடைக்குச் சாமான் விற்கும் கடையில் உருண்டையான எலாஸ்டிக் கயிறு வாங்கினேன். அதை ஒரு கையின் கொக்கியில் மாட்டினேன். வளைத்த கம்பியை மறு தோளின் துளை வழியாக விட்டு, கயிற்றை இழுத்தேன். மறு கையின் கொக்கியிலும் மாட்டி முடிச்சுப் போட்டேன். அவ்வளவுதான்!

இதில் ஒரு அளவு உண்டு. கையைத் தூக்கினால் தூக்கிய இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கக்கூடாது. இறுக்கினால் தோள் வெடிக்கும்.

உலகில் பொம்மைக்கென்றே ஆஸ்பத்திரி உண்டு என்றால் நம்புவீர்களா? போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகர் லிஸ்பனில் 1830-ல் அப்படி ஒன்று தொடங்கினார்கள். பொம்மை அங்கே நோயாளி. கை மாட்டுவதும் கண் பொருத்துவதும் சிகிச்சை!

மஞ்சளான பொம்மை வெளுக்குமா?

டென்மார்க்கின் லெகோ கட்டைகள் 1963 முதல் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் வருகின்றன. வெள்ளைக் கட்டைகள் வெயில் பட்டால் மஞ்சளாகும். இதற்கு 2008-ல், பழைய கம்ப்யூட்டர்களைச் சேகரிப்பவர்கள் ஒரு வழியைப் பரப்பினார்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் பொருளை மூழ்க வைத்து வெயிலில் காட்டுவது. மஞ்சள் குறையும்.

ஆனால் இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். பாத்திரத்தை இறுக மூடக்கூடாது. உள்ளே வாயு சேரும். சாயம் தீட்டிய பாகத்தையும் இரும்பு உள்ள பாகத்தையும் போடக்கூடாது. இவ்வளவும் செய்த பிறகு, சில காலத்தில் மஞ்சள் திரும்பி வரவும் கூடும்.

என்னைக் கேட்டால், லேசான மஞ்சளை விட்டுவிடுவதே மேல். பெரும்பாலான பொம்மைகளுக்கு வெதுவெதுப்பான தண்ணீரும், சிறிது சோப்பும், பழைய மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். புதிதாக எதைத் தடவினாலும், முதலில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். நான் இதைச் செய்திருந்தால் ராணிக்குப் புருவம் இருந்திருக்கும்.

குழந்தை கையில் கொடுக்கலாமா?

இதுதான் முக்கியமான கேள்வி. ராணி பிழைத்ததும் என் 4 வயது மகள் ஓடி வந்தாள். "எனக்கு! எனக்கு!" என்றாள்.

கொடுக்கத்தான் ஆசை. ஆனால் பழைய பொம்மைகளின் சாயத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக் கழகத்தில் ஏறக்குறைய 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்தார்கள். முடிவு 2018-ல் வெளிவந்தது. மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறப் பொம்மைகளில் பலவற்றில் இத்தகைய நச்சுப் பொருள்கள் இருந்தன. நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆனது 2021 ஜனவரி 1 முதல்தான்.

ஆகவே வாயில் வைத்துக் கடிக்கும் வயதுக் குழந்தையிடம் பழைய பொம்மையைத் தராதீர்கள். அதன் சாயத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். தூள் மூச்சில் போகும். பழைய பொம்மை பார்க்கவும் கதை சொல்லவும்தான். விளையாடப் புதுப் பொம்மை இருக்கட்டும்.

எங்கே வைப்பது?

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண்தான் கோடையில் வீட்டிலேயே சூடான இடம். பொம்மைக்கு அது ஆகாது. வெயில் படாத அலமாரியின் கீழ்த்தட்டு நல்லது. பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். துவைத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். மிருதுவான பொம்மையையும் கெட்டியான பொம்மையையும் ஒட்டி வைக்காதீர்கள். ஒன்றின் எண்ணெய் மற்றதை இளக்கும். பாச்சை உருண்டை வேண்டாம். பாட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

கொலுவில் ராணி

கைகள் மாட்டியாயிற்று. ஒரு குறைதான் பாக்கி. மெல்லிய தூரிகையும் வர்ணமும் வாங்கி வந்தேன். "அம்மா, புருவத்தை வரைந்துவிடட்டுமா? வலது புருவத்தைப் பார்த்து அப்படியே போட்டுவிடலாம்" என்றேன்.

அம்மா ராணியை வாங்கி மடியில் படுக்க வைத்தார். ராணி கண்ணை மூடினாள். நிமிர்த்தினார். கண்ணைத் திறந்தாள்.

"வேண்டாம்ப்பா. எனக்கும்தான் புருவம் உதிர்ந்து போச்சு. நான் மட்டும் கிழவியாகணுமா? அவளும் என்கூடச் சேர்ந்து ஆகட்டும்" என்றார்.

அந்த ஆண்டு கொலுவில் ராணி மூன்றாம் படியில் உட்கார்ந்தாள். விளக்கிலிருந்து எட்டி. தினமும் மாலையில் அம்மா அவளை எடுத்துக் கொண்டு உட்காருவார். பேத்தி பக்கத்தில் வந்து ஒட்டிக் கொள்வாள்.

"பாட்டி, இவளை யாரு வாங்கித் தந்தா?"

"எங்க அப்பா."

"அவரு எப்படி இருப்பாரு?"

அம்மா சொல்லத் தொடங்குவார். நான் பிறப்பதற்கு முன்பே இறந்து போன என் தாத்தாவைப் பற்றி எனக்கே தெரியாத கதைகள். நானும் வேலையை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன்.