பிரேக்கும் கிரீஸும்

மோட்டார் வண்டியை ஓடச் செய்வதைக் காட்டிலும், வேண்டிய இடத்தில் நிற்கச் செய்வதே முக்கியம். புனேயிலிருந்து மும்பைக்குக் கண்டாலா மலைச்சரிவில் இறங்கும் நம்மவர் இதை நன்கு அறிவர். அத்தகைய பிரேக்கின் நலம், ஒரு விரலளவு கிரீஸைப் பொறுத்திருப்பதும் உண்டு.

இன்றைய கார்களின் முன்சக்கரங்களில் பெரும்பாலும் டிஸ்க் பிரேக்கே அமைந்துள்ளது. சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் இரு பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. அவற்றைத் தாங்கும் உறுப்பே காலிப்பர். பல வண்டிகளில் அதன் உட்புறத்தில் மட்டுமே பிஸ்டன் உண்டு. அது உட்புறப் பேடைத் தள்ளும்போது, காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மீது வழுக்கி நகர்ந்து, வெளிப்புறப் பேடையும் இழுத்து அழுத்துகிறது.

பின்களை மூடியுள்ள ரப்பர் உறை கிழிந்தால், மழைநீரும் தூசியும் உட்புகுந்து துரு ஏறும். கடற்காற்றும் பெருமழையும் உள்ள மும்பை போன்ற நகரங்களில் இது விரைவாக நேரும். பின் இறுகிவிட்டால் ஒரு பேடு மட்டும் விரைவில் தேயும். சக்கரம் அளவுமீறிச் சூடேறும். பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபக்கம் இழுக்கவும் கூடும்.

இதற்குப் பரிகாரம் கிரீஸ்தானே எனலாம். ஆயினும் எந்த கிரீஸ் என்பதே கேள்வி. எந்த மாநிலத்துக் கடையிலும் ‘கிரீஸ்’ என்றாலே விளங்கும். அந்த ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் அடங்கியிருப்பதுதான் தொல்லை. சக்கர பேரிங்குக்கு இடும் சாதாரண கிரீஸ் பெட்ரோலிய எண்ணெயால் ஆனது. பிரேக்கின் ரப்பர் பகுதிகள் அதை உறிஞ்சி உப்பிவிடும். உப்பிய ரப்பர் பின்னை மேலும் இறுக்கும். ஆதலால் பின்களுக்கு, பிரேக்குக்கென்றே செய்யப்பட்ட சிலிக்கான் கிரீஸ் ஏற்றது. பிஸ்டனின் ரப்பர் வளையத்துக்குப் புதிய பிரேக் ஆயிலோ, தாவர எண்ணெயால் ஆன சிவப்பு ரப்பர் கிரீஸோ போதும். பேடின் முதுகுத் தகட்டிலும் அது நகரும் விளிம்புகளிலும், மிகுந்த வெப்பம் தாங்கும் செராமிக் கிரீஸை மெல்லிதாகப் பூசலாம். வண்டியின் கைப்புத்தகம் வேறு கூறின் அதையே பின்பற்ற வேண்டும்.

பூசும் முறையும் முக்கியமே. பழைய கிரீஸை முற்றிலும் துடைத்தெடுக்க வேண்டும். துரு அரித்த பின்னையும் கிழிந்த உறையையும் மாற்றிவிட வேண்டும். பின் எங்கும் மெல்லிய படலமாகப் பூசினால் போதும். துளையை நிரப்பினால் காற்று அடைபட்டுப் பின்னை வெளியே தள்ளும். சில வண்டிகளில் இரு பின்களும் ஒன்றுபோல் இரா. எனவே எதை எங்கிருந்து எடுத்தோமோ அங்கேயே பொருத்த வேண்டும். கையால் தள்ளினால் அது தடையின்றி நகர வேண்டும்.

தட்டின் மீதும், பேடு தட்டைத் தொடும் பரப்பிலும் கிரீஸ் ஒரு துளியும் படலாகாது. தட்டில் பட்டால் பிரேக் கிளீனரால் துடைக்கலாம். பேடு எண்ணெயில் ஊறிவிட்டால் மாற்றுவதே முறை. வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துமுன் மிதிகட்டையைச் சிலமுறை அழுத்தி, அது உறுதியாக நிற்கக் காண வேண்டும்.

பட்டறையில் வண்டியை விடும்போது, “எந்த கிரீஸ் இடுகிறீர்கள்?” என்று அவ்வூர் மொழியில் கேட்க நாம் தயங்க வேண்டியதில்லை. டப்பாவின் மேலுள்ள எழுத்தைப் படித்துப் பார்ப்பதும் நமது கடமையே.