மடிப்புத் துப்பாக்கி: கீலும் தாழும் தந்த வலிமை

மாசாயைச் சுற்றிலும் ஒருகாலத்தில் அடர்காடு இருந்தது. ஜொகூரை 1895 முதல் 1959 வரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் புலிவேட்டைக்குப் பெயர்பெற்றவர். அக்காலப் பெருவிலங்கு வேட்டைக்காரர் பலர் நம்பிய கருவி, நடுவில் மடிந்து திறக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி ஆகும். முதற்குண்டு தவறினால், மறுவிசையை அழுத்திய அக்கணமே இரண்டாம் குண்டு பாயும், உயிர்காப்பது அதுவே.

ஆயினும், திறக்கும் இடமே எந்தப் பொருளுக்கும் நலிந்த இடமன்றோ? அவ்விடம் வெடிப்பைத் தாங்குவது எங்ஙனம் என்பதே நாம் இங்கு ஆராயும் வினா.

தோட்டா வெடிக்கையில் அதன் அடிப்பகுதி பின்சுவரை உந்துகிறது. குழல் சுழலும் கீலோ முன்னே, கீழே உள்ளது. ஆகவே அவ்வுந்துதல் பின்சுவரைக் குழலினின்று விலக்கி வளைக்க முயல்கிறது. அடித்தட்டும் பின்சுவரும் கூடும் மூலையிலேதான் விரிசல் தோன்றக்கூடும்.

பாரிசைச் சேர்ந்த லெஃபோஷே உருவாக்கிய மடிப்புத் துப்பாக்கி 1851ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சியில் இடம்பெற்றது. பின்னர் ஆங்கிலக் கைவினைஞர் இக்குறையைப் படிப்படியாகக் களைந்தனர். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் 1862இல் குழலின் மேற்புற நீட்சியைப் பின்சுவரின் பள்ளத்தில் பொருத்தினார். அது சுவர் பின்சாய்வதைத் தடுத்தது. பர்டி 1863இல் குழலின் அடியில் இரட்டைத் தாழ் அமைத்தார். அது குழல் மேலெழுவதைத் தடுத்தது. கிரீனரின் குறுக்குத் தாழ் மேற்பிடிப்பை மேலும் உறுதியாக்கியது. 1875இல் ஆன்சன், டீலி இருவரும் சுத்தியலை உள்ளே மறைத்து, குழலை மடிக்கும்போதே அது தானே பின்னிழுபடச் செய்தனர்.

இவற்றுக்கெல்லாம் கடுஞ்சோதனை 1898இல் வந்தது. ரிக்பி நிறுவனத்தின் .450 தோட்டா, புகையில்லா வெடிமருந்தால் ஏறத்தாழ 31 கிராம் குண்டை நொடிக்கு 655 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. படைத்துப்பாக்கிக்கும் பயன்படும் குண்டு கிளர்ச்சியாளர் கைக்குச் செல்லும் என அஞ்சி, இந்தியாவின் ஆங்கில அரசு 1907இல் இவ்வளவைத் தடைசெய்தது, அதனால்.465, .470 முதலிய புதிய அளவுகள் பரவின. வடிவமைப்பை வெடிவிசை மட்டுமன்றிச் சட்டமும் செதுக்கியது.

வலிமை இரும்பின் பருமனில் இல்லை. விசை செல்லும் வழியறிந்து அதனை உரிய இடத்தில் தடுப்பதில் உள்ளது. இன்று மலேசியக் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு. அவற்றைக் கொல்வது குற்றம். அக்கருவியை நாம் இனிக் கற்பது வேட்டைக்காக அன்று; பொறியியல் அறிவுக்காகவே.