பழைய காருக்கு உயிர் இருக்கிறதா? சாக்குப் பொடி காட்டும் ரகசியம்!

சென்னையில் இருந்து புழல் ஏரியைத் தாண்டி வடக்கே போனால் சோழவரம் வரும். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமான ஓடுதளம் இருந்தது. போர் முடிந்தது. விமானங்கள் போயின. கார்கள் வந்தன!

1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த ஓடுதளத்தில் கார் பந்தயங்களை நடத்தியது. கூட்டம் கூட்டமாக மக்கள் திரண்டார்கள். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயச் சாலை அமைந்தது.

அந்தக் காலத்துக் கார்களுக்கு இப்போது மீண்டும் மவுசு! பலர் அவற்றைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறார்கள்.

சென்னையில் பிறந்த கார்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற காரை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1961-ல் சென்னையில் தயாராகத் தொடங்கிய கார் அது. 4 சிலிண்டர். 948 சி.சி. எஞ்சின்.

இதே குடும்பத்து எஞ்சின்தான், 1147 சி.சி.யாகப் பெரிதாகி, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பந்தயப் பாணிக் காரில் இருந்தது. அந்தக் கார் 1962-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது.

எது முக்கியம்?

பெயிண்ட் போனால் அடிக்கலாம். சீட் கிழிந்தால் தைக்கலாம். எஞ்சின் பிளாக் கெட்டால்?

பிளாக் என்பது வார்ப்பிரும்பால் ஆன பெரிய கட்டி. சிலிண்டர்கள் அதற்குள்தான் இருக்கின்றன. ஹெரால்டு தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. புது பிளாக் கடையில் கிடைக்காது. ஆகவே பணத்தைக் கொட்டும் முன்பு பிளாக்கைச் சோதிக்க வேண்டும்.

விரிசல் உண்டா?

பானை வாங்கும்போது பெண்கள் தட்டிப் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் ஓசை காட்டிக் கொடுத்துவிடும். எஞ்சின் பிளாக்கில் ஓசையை நம்ப முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது.

முதலில் பிளாக்கை அழுக்குப் போகக் கழுவுகிறார்கள். பிறகு மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைக்கிறார்கள். அதன்மேல் சாக்குப் பொடியைத் தூவுகிறார்கள். விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசியும். வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடு தெரியும்!

கண்ணுக்குத் தெரியாத உள் விரிசலுக்கு இன்னொரு சோதனை உண்டு. தண்ணீர் ஓடும் வழிகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுப்பார்கள். குமிழி வந்தால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

தேய்மானம் எவ்வளவு?

குழவி ஓடி ஓடி ஆட்டுக்கல் தேய்வது போல, பிஸ்டன் ஓடி ஓடி சிலிண்டர் தேய்கிறது. எல்லா இடமும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. மேல் பகுதியில் சூடு அதிகம், எண்ணெய் குறைவு. அங்கேதான் தேய்மானம் அதிகம். பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்துவதால், வட்டமாக இருந்த சிலிண்டர் முட்டை வடிவம் ஆகிவிடும்.

ஆகவே மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்கிறார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடக் கணக்கில் வரும்!

தேய்மானம் மிஞ்சினால் சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். கடைய இடம் இல்லாவிட்டால் புது ஸ்லீவ் இறக்குகிறார்கள். பிளாக் பிழைத்துக்கொள்ளும்.

தலைப்பக்கம் சமமா?

பிளாக்கின் மேல் பரப்பில் நேரான இரும்புச் சட்டத்தை வைத்து, அடியில் மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்க்கிறார்கள். நுழைந்தால் பரப்பு வளைந்திருக்கிறது. அப்படியே பூட்டினால் கேஸ்கெட் புகையும். தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிடும்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

பல பிளாக்குகளைக் கெடுப்பது இரண்டு தவறுகள். ஒன்று, ரேடியேட்டரில் உப்புத் தண்ணீர் ஊற்றுவது. உள்ளே துரு ஏறிவிடும். மற்றொன்று, கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவது. இரும்பு வெடித்துவிடும்!

வண்டி கொதித்தால் ஓரமாக நிறுத்துங்கள். ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அரை மணி நேரம் போனால் போகட்டும், எஞ்சின் மிஞ்சும்!