பெட்டி கேஸுக்கு யார் காசு?

டீயைக் குடியுங்கள், பொறுமையாகவே சொல்கிறேன். போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு வந்த ஒருவர், சம்பள நாள் சாயங்காலம் பூப்பாறைக் கடைத்தெருவில் கொஞ்சம் போட்டுவிட்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரிடமும் வம்பில்லை, வாயில் வாடை மட்டும். அவர்மேல் கேரள போலீஸ் சட்டம் 2011, பிரிவு 118(அ)-இல் ஒரு ‘பெட்டி கேஸ்’ விழலாம்.

பெயர்தான் பெட்டி. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சோதனைக்கு ஆஸ்பத்திரி, டாக்டர் சர்டிஃபிகேட், குற்றப்பத்திரிகை, பிறகு மாஜிஸ்திரேட் கோர்ட். ஆள் தேனி மாவட்டம் என்றால் சம்மனும் மலையிறங்க வேண்டும்: பொதுவாக அங்குள்ள மாஜிஸ்திரேட்டுக்குப் போய், அவர் வழியாக வீட்டுக்கு வரும். ஆள் வராவிட்டால் வாரண்ட். கடைசியில் வசூலாகும் அபராதம் இத்தனை பேர் சம்பளத்தில் எந்த மூலைக்குக் காணும்?

காசர்கோட்டில் நடந்ததைக் கேளுங்கள். 2013-இல் மணல் வழக்கில் ஆளை அடையாளம் காட்ட ஸ்டேஷனுக்குக் கூப்பிடப்பட்ட கிராம உதவியாளர் மீதே, குடித்திருந்தார் என்று இதே பிரிவில் வழக்குப் போட்டார்கள். சாட்சி சொல்லப் போனவர் குற்றவாளி! வாடை வந்தால் மட்டும் போதை ஆகாது என்று நீதிபதி சோஃபி தாமஸ் ஐகோர்ட்டில் அதை ரத்து செய்தபோது 2021 நவம்பர். ஒரு வாடைக்கு எட்டு வருஷம்.

அற்பத் தீங்கு குற்றமே ஆகாது என்று பாரதிய நியாய சன்ஹிதா 33-ஆம் பிரிவும் சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் அது 95. பம்பாய்ச் சண்டையொன்றில் எறிந்த காகிதக் கட்டு பட்டு முழங்கையில் கீறல் விழுந்த வழக்கை 1966-இல் சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லித்தான் தள்ளியது.

வழக்கை வாபஸ் வாங்க அரசுக்குத் தெரியாமலும் இல்லை. 2015-இல் சட்டசபைக்குள் 2,20,093 ரூபாய்க்குப் பொருட்கள் உடைந்த வழக்கைக் கைவிட கேரள அரசு சுப்ரீம் கோர்ட் வரை போய்ப் பார்த்தது. 2021 ஜூலையில் கோர்ட்தான் மறுத்தது. அந்த அக்கறையில் காலே அரைக்கால் பங்கு தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்தால் போதும்.

உங்களுக்கு ஒன்று. “ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டுப் போ” என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அதுவும் தண்டனைத் தீர்ப்புதான். வருமானம் குறைவு என்றால் தாலுகா சட்டப் பணிக் குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள்.