தீவை இணைத்த திரை

மக்களைப் பிரித்து நிறுத்துவன மலையும் கடலும் மட்டுமல்ல. சமயம், தொழில், செல்வம் முதலியவற்றால் எழும் வேற்றுமைகள் அவற்றினும் உயர்ந்த மதில்களாக நிற்பதுண்டு. அடுத்த ஊரானின் துன்பத்தை அறியாமலே ஒருவன் தன் வாழ்நாளைக் கழித்துவிடவும் கூடும். இத்தகைய மதில்களில் வாயில் திறக்கும் ஆற்றல் ஆவணப்படத்திற்கு உண்டு. புனைந்த கதையை நடிகர் நடித்துக் காட்டுவது கதைப்படம். உண்மை வாழ்வை, அதனை வாழ்வோர் வாயிலாகவே எடுத்துக்காட்டுவது ஆவணப்படம். அதன் பயனை நன்கு விளக்குவது போகோ தீவின் வரலாறு.

கனடா நாட்டின் கீழ்க்கோடியில், அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்தது நியூபவுண்ட்லாந்து. அதன் கரையை அடுத்துள்ள சிறு தீவே போகோ. 1967ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 5,000 மக்கள் சிற்றூர்கள் சிலவற்றில் வாழ்ந்தனர். காட் என்னும் மீனைப் பிடித்து விற்பது அவர்தம் வழிவழித் தொழில். சிறு படகுகளில் சென்று கரையோரம் மீன்பிடித்த அவர்கள், ஆழ்கடலில் வலைவீசும் பெருங்கப்பல்களோடு போட்டியிட இயலாது தளர்ந்தனர். மீனை வாங்கிவந்த வணிகரும் தீவை விட்டு நீங்கினர். மக்களுள் பலர் அரசின் உதவித்தொகையை எதிர்நோக்கி வாழும் நிலை வந்தது. தொலைவிலுள்ள சிற்றூர்களைக் கலைத்து, அங்குள்ளோரை வேறிடங்களிற் குடியேற்றும் திட்டத்தை அரசு அந்நாளில் நடத்தி வந்தது. 1954 முதல் 1975 வரை நியூபவுண்ட்லாந்தில் ஏறத்தாழ 30,000 பேர் இவ்வாறு ஊர் பெயர்ந்தனர். முன்னோர் வாழ்ந்த மண்ணை விட்டுப் போவதா, வறுமையோடு அங்கேயே இருப்பதா என்பதே போகோ மக்கள்முன் நின்ற வினா.

இதற்கு விடை காண அனைவரும் கூடிப் பேசவேண்டும். ஆனால் கிறித்தவ சமயத்தின் வெவ்வேறு பிரிவுகளைச் சார்ந்த அவர்கள், பிரிவுக்கொரு பள்ளி அமைத்துத் தனித்தனியே வாழ்ந்தனர். ஓரூரார்க்கு மற்றோரூரார்மேல் நம்பிக்கை இல்லை. அண்டை வீட்டாரை அவையில் மறுத்துப் பேசவும் பலர் கூசினர்.

இந்நிலையில், 1967ஆம் ஆண்டில் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ என்னும் இயக்குநர் அத்தீவிற்கு வந்தார். மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணியாளர் அவருக்குத் துணைநின்றனர். பல்லோர் கூற்றையும் வெட்டி ஒட்டி ஒரே படமாக்கினால், ஒருவரை மற்றொருவர்க்குப் பகையாகக் காட்டுதல் நேரும் என்பதை லோ உணர்ந்தார். ஆதலின் ஒருவர் பேச்சையோ ஒரு நிகழ்ச்சியையோ மட்டும் கொண்ட 27 குறும்படங்களை உருவாக்கினார். மீனவர் குறைகளேயன்றி, சிறுவர் விளையாட்டும் திருமண விழாவும் பாட்டும் அவற்றில் இடம்பெற்றன. பேசியவர் தம் படத்தை முதலிற் கண்டு இசைந்த பின்னரே அது பிறர்க்குக் காட்டப்பட்டது.

பின்னர் அப்படங்கள் தீவின் ஊர்களிலெல்லாம் திரையிடப்பட்டன. ஓரூர் மீனவன் பேசுவதை மற்றோரூரார் அமைதியாகக் கேட்டனர். நேரிற் பேசினால் இடைமறிக்கத் தோன்றும். திரையிற் பேசுவோனை இடைமறித்தல் இயலாது. அதனால் இறுதிவரை கேட்கும் பொறுமை தானே வந்தது. தமக்கு மட்டுமே உரியதென்று எண்ணிய துன்பம் அயலார்க்கும் உண்டு என்பதை அவர்கள் கண்டனர். துன்பம் பொதுவானது எனத் தெளிந்தபின், அதனை நீக்கும் முயற்சியும் பொதுவாயிற்று.

அப்படங்கள் தலைநகரில் இருந்த அமைச்சர்க்கும் காட்டப்பட்டன. ஆட்சியாளர் அதுவரை கணக்கேடுகளில் எண்களாகக் கண்டவர்கள், இப்போது முகமும் குரலும் உடைய மனிதராக எதிரே தோன்றினர். மீன்வளத்துறை அமைச்சர் தம் விடையையும் படமாகப் பதிவு செய்தார். அதனைத் தீவினர் கண்டனர். இவ்வாறு ஒருவழிச் செய்தியாக நில்லாது, ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையே நிகழும் உரையாடலாகப் படம் அமைந்தது.

முடிவில் மக்கள் தீவிலேயே தங்கினர். கூட்டுறவுச் சங்கம் அமைத்து மீன்தொழிலைத் தாமே நடத்தினர். பெரிய படகுகளையும் கட்டினர். 1992ஆம் ஆண்டில் காட் மீன்பிடிப்பு அரசால் நிறுத்தப்பட்டபோதும், நண்டு முதலிய பிறவற்றைக் கொண்டு அச்சங்கம் நிலைபெற்றது. இவையனைத்தும் படத்தால் மட்டுமே விளைந்தன எனல் பொருந்தாது. படம் வருமுன்னரே தீவின் முன்னேற்றத்திற்கென ஒரு குழு உழைத்து வந்தது. அரசின் உதவியும் பின்னர்க் கிட்டியது. எனினும், சிதறிக்கிடந்த உள்ளங்களை ஒருமுகப்படுத்தியதில் திரைக்குப் பெரும்பங்கு உண்டு.

கருவி எதுவாயினும், பிறர் சொல்லை முற்றக் கேட்கும் செவியே வேற்றுமையைக் கடக்கும் வழியாகும். பேசுவோனின் இசைவைப் பெற்று, அவன் பெருமை குன்றாமற் காட்டும் படம், காண்போர்க்கு அச்செவியை அளிக்கிறது. இரக்கத்தை மட்டும் எழுப்பிவிட்டு நிற்பது சிறந்த ஆவணப்படம் அன்று. 'இவனும் நம்மவன்' என்னும் உணர்வை விளைவிப்பதே அதன் மெய்ப்பயன் ஆகும்.