கழலையும் கணக்கும்

மனித உடம்பை எண்சாண் உடம்பு என்று வழங்குவது தமிழ் மரபு. அந்தச் சாண் அவரவர் கைச்சாணே. பல்லாண்டு மாணவர்க்கு இந்நயத்தை எடுத்துரைத்துள்ளேன். ஆயினும், உடம்பை உடம்பாலேயே அளப்பது மருத்துவர்க்கும் உடன்பாடு என்பதை அண்மையிலேதான் அறிந்தேன்.

கேகாலைப் பகுதித் தோட்டமொன்றில் றப்பர்ப் பால் வெட்டும் பெண்மணி ஒருவர், இரண்டு ஸ்கேன் அறிக்கைகளுடன் என்னிடம் வந்தார். அவர் மகள் என் மாணவி. தாயின் கழுத்திலே தைரொயிட் சுரப்பி சற்றே பருத்திருந்தது. நம் நாட்டின் ஈரவலயத்துக்குக் கழுத்துக்கழலை புதிதன்று. அதனைத் தடுக்கவே 1995இல் உப்பில் அயடீன் சேர்த்தல் கட்டாயமாக்கப்பட்டது.

முதல் அறிக்கை சுரப்பியின் கனவளவு 20.6 மில்லிலீற்றர் என்றது. ஆறு மாதத்தின் பின் வேறோரிடத்தில் எடுத்தது 22.6 என்றது.

“ரெண்டு கூடிப்போச்சுங்க ஐயா. கழுத்த அறுக்கணும்னு லயத்துல எல்லாரும் சொல்றாங்க. புள்ளைய பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திரலாமா?”

கேள்வி என்னைச் சுட்டது. அறிக்கைகளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் வருமுன் மருத்துவர் கழலையை விரலால் தடவியே மதிப்பிட்டனர். சுரப்பியின் மடல் ஒவ்வொன்றும், பரிசோதிக்கப்படுபவரின் கட்டைவிரல் நுனிக்கணுவினும் பெரிதாயின் அது கழலை. மருத்துவரின் விரலன்று, நோயாளியின் விரலே அங்கு அளவுகோல்!

இன்று செவிக்கெட்டா ஒலியலைகள் மடலின் படத்தைத் தருகின்றன. அதன் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, வந்த தொகையை மீண்டும் 0.52 ஆற் பெருக்குவர். முட்டைபோன்ற நீளுருண்டை, தன்னை அடக்கும் பெட்டியில் ஏறத்தாழப் பாதியிடமே கொள்ளும் என்பது அதன் பொருள். ஆனால் மடல் செவ்விய நீளுருண்டையன்று. ஆதலின் 0.479 ஆற் பெருக்குவாரும் உளர். ஒழுங்கற்ற உறுப்பாயின், சீ.ரீ. ஸ்கேன் அதனைப் பாண் துண்டுகள்போற் பகுத்துக் காட்டும். துண்டுகளின் பரப்பைத் தடிப்பாற் பெருக்கிக் கூட்டினாற் கனவளவு கிட்டும். 1635இல் இத்தாலியரான கவலியெரி வெளியிட்ட கணித நூலின் கருத்தே இதற்கும் அடிப்படை.

அன்றிரவு கணக்குப் போட்டேன். முதல் அறிக்கையில் வலமடல் 5.0, 2.5, 2.0, இடமடல் 4.5, 2.0, 2.0. பெருக்கிக் கூட்டினால் 43. இரண்டாவதில் இடமடலின் நீளம் மட்டும் 4.6, கூட்டுத்தொகை 43.4. முன்னதை 0.479 ஆற் பெருக்கினால் 20.6, பின்னதை 0.52 ஆற் பெருக்கினால் 22.6. இரண்டையும் 0.479 ஆலேயே பெருக்கினாலோ 20.6, 20.8! சுரப்பி வளரவில்லை, பெருக்கும் எண்ணே மாறியிருந்தது. எஞ்சிய ஒரு மில்லிமீற்றர், அளப்பவர் கை சிறிது அசைந்தாலும் வரக்கூடியது. எவ்வெண்ணாற் பெருக்கினர் என்பதை எந்த அறிக்கையும் கூறவில்லை.

எனினும் நான் தமிழாசிரியன், மருத்துவன் அல்லேன். தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றேன். அவர் என் தாளைப் பார்த்துப் புன்னகைத்து, கணக்கு சரியே என்றார். கனவளவு ஒன்றைக்கொண்டு மட்டும் கத்தி எடுப்பதில்லை. இரத்தப் பரிசோதனை, கட்டியின் தன்மை, மூச்சுக்கும் விழுங்கலுக்கும் உள்ள இடர் ஆகியனவும் நோக்கப்படும் என விளக்கினார். அடுத்த ஸ்கேனை முன்னெடுத்த இடத்திலேயே எடுக்குமாறு பணித்தார்.

ஸ்கேன் தரும் கனவளவு தராசிலே நிறுத்ததன்று, மதிப்பீடு. மதிப்பிட்ட வழியையும் ஒருவரி சேர்த்தெழுதினால் ஏழைக் குடும்பங்கள் வீணே கலங்கா. வாசகரும் ஈர் அறிக்கைகளை ஒப்பிடுமுன், இரண்டும் ஒரே முறையாற் கணித்தவையா என மருத்துவரைக் கேட்டறிக.

திரும்பும் வழியில் அந்தத் தாய் தம் கட்டைவிரலைக் கழுத்தருகே வைத்துப் பார்த்துக்கொண்டார். மறுநாட் காலை, மகள் வகுப்பில் இருந்தாள்.